கூரையின் உள்பக்கம்

அவர் எந்த வீட்டுக்குள்ளும் சும்மா நுழைந்து நான் பார்த்ததில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவார். வெறுங்காலை மண்ணில் அழுத்தித் தேய்ப்பார். கதவில் தாழ்ப்பாளோ கம்பியோ இருந்தால் அதில் உள்ளங்கையை ஒரு நொடி வைத்து எடுப்பார். பிறகு தலையை மட்டும் உள்ளே நீட்டி மேலே பார்ப்பார். கூரையைப் பார்த்து முடித்த பிறகுதான் வீட்டுக்காரரின் முகம். அதற்குள் உள்ளேயிருந்து மூன்று தடவையாவது "வாங்க அண்ணாச்சி" என்று கூப்பிட்டிருப்பார்கள். "இல்ல, இங்கன காத்தா இருக்கு" என்று வாசலிலேயே நின்றுவிடுவார். எங்கள் பக்கம் சித்திரை மாதத்தில் காற்று ஏது?

முடிவெட்டும் கடையில் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போடச் சொல்வார். கண்ணாடி உள்ளே இருக்கும், அவர் வெளியே இருப்பார். "ஃபோர்மேன் தலையை மட்டும் போற வர்ற பஸ்ஸெல்லாம் பாத்துச் சொல்லணும், கிருதா சரியா இருக்கான்னு" என்று கடைக்காரர் சொல்லிச் சிரிப்பார். கல்யாணப் பந்தியில் வாசலை ஒட்டிய கடைசி இலைதான் அவருடையது. அங்கே வருவதற்குள் அப்பளம் தீர்ந்துபோகும். பஸ்ஸில் படிக்கட்டு. உள்ளே எத்தனை சீட் காலியாக இருந்தாலும் படிக்கட்டு. கண்டக்டர்கள் திட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

நாங்கள் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். அது பரவாயில்லை. பின்னால் நான் செய்தது சிரிப்பைவிட மோசம்.

அவர் பெயர் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஃபோர்மேன், அவ்வளவுதான். ஃபோர்மேன் வீடு, ஃபோர்மேன் சைக்கிள். வேலை போன பிறகும் அதேதான். வெம்பக்கோட்டை போகிற ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் ஃபோர்மேனாக இருந்தார். என் அம்மா அவருக்குக் கீழே எட்டு வருடம் வேலை பார்த்தாள். காலையில் கேட்டில் நின்று பெண்களின் கொண்டை ஊசிகளை வாங்கி ஒரு தகர டப்பாவில் போடுவாராம். இரும்பு எதுவும் உள்ளே போகக்கூடாது. சாயங்காலம் அறுபது எழுபது பேருக்கும் அவரவர் ஊசியைச் சரியாகத் திருப்பிக் கொடுப்பார். அடையாளம் கிடையாது, சீட்டு கிடையாது. ஒருநாள் அம்மாவும் பக்கத்து ரூம்காரியும் வேண்டுமென்றே ஊசியை மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்களாம். சாயங்காலம் அவர் இரண்டையும் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, உன் ஊசி கோணல் இல்ல. இது அவ ஊசி. என்கிட்டயே பரீட்சை வைக்கீகளா?" என்றாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மாவுக்குச் சிரிப்பு வரும். நைலான் சேலை கட்டிக்கொண்டு வந்தால் கேட்டிலிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார் என்பாள். பருத்திச் சேலை மட்டும்தான். நைலான் உடம்பில் உரசினால் "கரண்டு ஊறும்", அந்தக் கரண்டு போதும் வெடிமருந்து பற்றிக்கொள்ள. பாடப் புத்தகம் அதை நிலைமின்சாரம் என்கிறது. நான் அதில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன்.

அப்புறம் ஒருநாள் அந்தக் கம்பெனியில் மருந்து அடைக்கிற ரூம் ஒன்று போனது. எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள், ரூம் போயிருச்சு என்று. ரூமோடு போனவர்களை அதற்குப் பிறகு மெதுவாகச் சொல்வார்கள். நான்கு பெண்கள். இவர் அப்போது ஸ்டோருக்குப் போயிருந்தார். அம்மா அந்தப் பக்கம் பேக்கிங் ஷெட்டில் இருந்தாள். அன்றோடு அவள் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். அவரும் போகவில்லை. ஆனால் அவரிடம் நான்கு கொண்டை ஊசிகள் தங்கிவிட்டன. பதினாறாம் நாள் முடிந்த பிறகு நான்கு வீட்டுக்கும் நடந்தே போய்க் கொடுத்தார். மூன்று வீட்டில் வாங்கிக்கொண்டார்கள். நான்காவது வீட்டில் வாங்கி அவர் முகத்திலேயே எறிந்தார்கள் என்று கேள்வி. அவர் அதைக் குனிந்து எடுத்து, துடைத்து, அங்கேயே ஜன்னலில் வைத்துவிட்டு வந்தார்.

அதிலிருந்து அவருக்குக் கூரைக்குக் கீழே தூக்கம் வரவில்லை. கஷ்டப்பட்டுக் கட்டிய கான்கிரீட் வீடு, இரண்டு ரூம். பக்கத்துக் காலிமனையில் கட்டிலைப் போட்டுப் படுத்தார். படுத்தவர் சும்மா இருந்திருந்தாலாவது பரவாயில்லை. மனைவி வீட்டுக்குள் படுத்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வாசலில் வந்து நின்று கூப்பிடுவார். "வெளிய வந்துரு. சொன்னாக் கேளு. வெளிய வந்துரு." அந்த அம்மாவை நான் மதினி என்பேன். மதினியும் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். இரண்டு வருடம் இப்படி. பிள்ளைகள் இல்லை. மதினி காலண்டர் கம்பெனியில் தேதித்தாள் கட்டு அடிக்கிற வேலைக்குப் போய்வந்தார். பனி பட்டுப் பட்டு மதினிக்கு இளைப்பு வந்தது. மார்கழியில் அவர் மூச்சு விடுகிற சத்தம் எங்கள் வீடு வரை கேட்கும். டாக்டர் இனி வெளியே படுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். மதினியின் அண்ணன் சாத்தூரிலிருந்து இரண்டு தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்தார்.

இந்த நேரத்தில்தான் வேன் வந்தது.

கம்பெனிக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த பழைய வேன் அது. மெக்கானிக் ஷெட்டுக்கு வெளியே நான்கு கதவும் திறந்து, உள்ளே சீட்டெல்லாம் கழற்றிப் போட்டு நின்றது. ஏதோ வேலையாகப் போனவர் அதன் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே கண்ணசந்துவிட்டார். ஒரு மணி நேரம். மேலே கூரை இருக்க, பகலில், ஒரு மணி நேரம். மெக்கானிக் வந்து மதினியிடம் சொன்னான். மதினி மறுநாளே ஆளனுப்பி அந்த வேனை வாங்கிக் காலிமனையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். "என் வீடு இனிமே இதுதான் தம்பி" என்று என்னிடம் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை.

நான் அப்போது விருதுநகரில் பாலிடெக்னிக், ஆட்டோமொபைல், இரண்டாம் வருடம். எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்கிற வயது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினேன். வெள்ளைக்காரர்கள் வேனுக்குள் கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, ஜன்னலுக்குத் திரை போட்டு ஊர் ஊராகப் போகிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கறுப்பு வெள்ளையில் பன்னிரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். கன்னியாகுமரி, கொடைக்கானல் என்று ஒரு ரூட் மேப்கூடப் போட்டிருந்தேன். அவர் ஒவ்வொரு தாளாகப் பொறுமையாகப் பார்த்தார்.

"இதுக்குள்ள படுத்துத் தூங்குறாகளா?"

"குடும்பமே தூங்குது அண்ணாச்சி."

"எத்தன கதவு?"

எனக்குத் தெரியவில்லை. அவருக்கு வேறெதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை. ரூட் மேப்பை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார்.

பிரச்சினை வேனின் கூரை. உள்பக்கத்துத் துணியெல்லாம் எப்போதோ கிழிந்துபோய் மொட்டைத் தகரம். பத்து மணி வெயிலுக்கே தோசைக்கல்லாகக் காயும். அதைவிடப் பெரிய சங்கடம் மழை. வேன் வந்த வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் கோடைமழை பிடித்தது. மதினியும் அவரும் உள்ளே இருந்தார்கள். முதல் சொட்டுகள் தகரத்தில் விழுந்த சத்தம், சொல்லவே வேண்டாம், சரவெடிதான். அவர் மதினியைத் தோளோடு சேர்த்து இழுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினார். மதினியின் முழங்கை சிராய்த்துவிட்டது. ஆக, கூரைக்கு உள்பக்கம் ஏதாவது அடித்தாக வேண்டும். சூட்டையும் சத்தத்தையும் அமுக்குகிற ஏதாவது. ஐப்பசி மழைக்கு முன்னால். அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை, நானாகவே எடுத்துக்கொண்டேன்.

விருதுநகரில் மிளகாய்க் கமிஷன் கடைகளைத் தாண்டி ஒரு சந்தில் சீட் கவர் தைக்கிற பாய் இருந்தார். லாரிக்கும் பஸ்ஸுக்கும் உள்கூரை அடிப்பவர். அங்கே போனால் முதல் பத்து நிமிடம் தும்மல்தான். பாய் முதலில் ரெக்சினை எடுத்துப் போட்டார். வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்ட நம் ஆள் ரெக்சின் துண்டைத் தலைமுடியில் பரபரவென்று தேய்த்துவிட்டுத் தூக்கிப் பிடித்தார். முடி நட்டுக்கொண்டு நின்றது. வேண்டாம். வெல்வெட். தேய்த்தார், நின்றது, வேண்டாம். பிளைவுட். அது கரண்டு ஊறாது, ஆனால் கனம். "மேல இருக்கது கனமா இருக்கக்கூடாது பாய். போகணும்னு வந்தா அது மேலாக்க போயிரணும், ஆள் மேல விழக்கூடாது" என்றார். பாய்க்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. பட்டாசு ரூமின் கூரைக்கு உள்ள இலக்கணம் அது.

பாய் வெள்ளி நிறத்தில் பளபளவென்று ஒரு ஷீட்டைக் கொண்டுவந்தார். என் பிரிண்ட் தாள்களில் எல்லா வேனிலும் அதுதான் இருந்தது. நான் குதித்தேன். அவர் அதை விரலால் தொட்டார். பிறகு எழுந்து போய்த் தெருக்குழாயில் கை கழுவினார். வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்து போய்க் கழுவினார். பட்டாசில் போடுகிற அலுமினியப் பவுடர் அதே நிறம். என் அம்மாவின் கழுத்து மடிப்பில்கூட ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வெள்ளி மினுங்கும். மூன்றாம் தடவை அவர் கழுவப் போனபோது பாய் அந்த ஷீட்டைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டார்.

கோரைப்பாய் நானே கொண்டுவந்த யோசனை. அதில் தேய்த்தால் ஒன்றும் இல்லை. சந்தோஷமாக நான்கு பாய் வாங்கிக் கட்டினோம். மறுநாள் பதினோரு மணிக்குத் தகரம் சூடேறியதும் கோரை காய்ந்து சடக், சடக் என்றது. அதற்குள் அவர் வெளியே நின்றுகொண்டிருந்தார். கையில் மதினியின் கை.

இப்படி ஆறு தடவை போனோம். ஆறாவது தடவை பாய், "லாரிக்காரன் டீ குடிக்கிற நேரத்துல செலக்ட் பண்ணிட்டுப் போயிருவான் அண்ணாச்சி. நான் பொண்ணு பாக்கப் போனப்பகூட இம்புட்டு நேரம் பாக்கல" என்றார்.

"நீங்க பாத்திருக்கணும் பாய். வீட்டுல கேட்டுப் பாருங்க, அவுகளும் அதத்தான் சொல்லுவாக" என்றார் இவர். நாங்கள் மூவரும் சிரித்தோம். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். முன்பற்களுக்கு நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அது இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

மெல்ல மெல்ல முடிவுக்கு வந்தோம். தகரத்தை ஒட்டி மெத்தைக்குப் போடுகிற தேங்காய்நார் ஷீட். அதற்குக் கீழே, கண்ணுக்குத் தெரிகிற பக்கம், கனமான காடாத் துணி. சுத்தப் பருத்தி. ஒட்டக்கூடாது, பசையின் நெடி ஆகாது. மரச்சட்டம் வைத்துத் திருக வேண்டும், திருகு பித்தளையாக இருக்க வேண்டும். துணியில் ஒட்டுப்போடக்கூடாது, ஒட்டில் தூசி தங்கும். ஆனால் அந்த அகலத்தில் காடா எங்கும் கிடைக்கவில்லை. மில்லில் ஆர்டர் கொடுத்தால் ஒரு மாதம் ஆகும் என்றார்கள்.

புரட்டாசி பிறந்துவிட்டது. மதினியின் அண்ணன் போனில் கடைசியாக ஒரு தடவை சொன்னார், அடுத்த வெள்ளிக்கிழமை வருவேன், அதற்குள் அவர் ஒரு கூரைக்குக் கீழே படுத்தால் சரி, இல்லையென்றால் நீ என்னோடு வர வேண்டும், உன்னைப் பிணமாகத் தூக்க என்னால் முடியாது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து வந்த மதினி இதை எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னார். சொல்லிவிட்டு என்னிடம், "துணி கெடச்சிருமாலே?" என்று கேட்டார். கிடைத்துவிடும் என்றேன். நான் எதற்கும் கிடைத்துவிடும் என்றுதான் சொல்வேன்.

மறுநாள் விருதுநகரில் மேகமூட்டம், லேசான தூறல். பாய் ஒரு உருளையை இறக்கி வைத்தார். பஸ் ஆர்டரில் மிஞ்சியது. வெளிர் நிறம், நல்ல கனம், நாங்கள் தேடிய அதே அகலம். "காடா மாதிரிதான் இருக்கு. ஆனா மிக்ஸிங் இருக்கான்னு எனக்கு உறுதியாச் சொல்ல முடியாது தம்பி. நூலக் கொளுத்திப் பாத்துக்கிருங்க" என்றார்.

நூலைக் கொளுத்துவது எல்லோருக்கும் தெரிந்த சோதனைதான். பருத்தி என்றால் சாம்பலாக உதிரும். செயற்கை நூல் கலந்திருந்தால் உருகிக் கட்டி தட்டும். ஆனால் அவர் தீக்குச்சி கிழித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. தீப்பெட்டியும் பட்டாசும் செய்கிற ஊர்க்காரர், வீட்டில் அடுப்புப் பற்றவைக்கும்போது தெருமுனைக்குப் போய் நின்றுகொள்வார். "நீ பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றார். தூறலில். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

நான் ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். காகிதம் எரிகிற வாசனைதான் வந்தது. அப்பாடா என்றிருந்தது. நுனியை விரலால் நுணுக்கினேன். சாம்பல் உதிர்ந்தது. உதிர்ந்த பிறகு ஏதோ ஒன்று விரலில் நெருடியது. கறுப்பாக, கடுகு அளவு. நசுக்கிப் பார்த்தேன், நசுங்கவில்லை.

பாய் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கடுகு அளவுதானே என்று நினைத்தேன். இது பட்டாசு ரூம் இல்லையே, வேன்தானே, உள்ளே மருந்தா இருக்கிறது, கரண்டு ஊறினால்தான் என்ன என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமைக்கு ஆறு நாள்தான் இருக்கிறது என்று நினைத்தேன். இவ்வளவும் சரியான நினைப்புகள். இன்றைக்கு உட்கார்ந்து யோசித்தாலும் ஒவ்வொன்றும் சரிதான். சாலையைத் தாண்டிப் போனேன்.

"காட்டன்தான் அண்ணாச்சி."

"சாம்பலாப் போச்சா?"

"போச்சு."

"நுணுக்கிப் பாத்தியா?"

"பாத்தேன்."

அவர் வந்து துணியைத் தலையில் தேய்த்துப் பார்த்தார். புதுத்துணியின் கஞ்சி மொடமொடப்பு, தூறல் ஈரம். முடி எழவில்லை. என் தோளில் கையை வைத்து, "படிச்ச பய கண்ணு தப்பாது" என்றார்.

இரண்டு நாளில் வேலையை முடித்தோம். இரும்புச் சுத்தியல் கூடாது என்று அவரே ஒரு மரச்சுத்தியல் செய்து வைத்திருந்தார். பித்தளைத் திருகு ஒவ்வொன்றையும் அவர் கையாலேயே திருகினார். ஏறுகிற கதவுக்குக் கீழே ஒரு செம்புத் தகடு பதித்தார். கம்பெனி ரூம் வாசலில் இருப்பது போலத்தான், அதில் கையோ காலோ வைத்துவிட்டு உள்ளே போனால் உடம்பில் ஊறிய கரண்டு மண்ணுக்கு இறங்கிவிடும். முடிந்ததும் என்னைக் கூரைமேல் ஏறிக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அவர் உள்ளே மல்லாக்கப் படுத்திருந்தார். முதல் குடம், இரண்டாம் குடம். சத்தம் போட்டுக் கேட்டேன், "அண்ணாச்சி, எப்படி இருக்கு?" பதில் இல்லை. பயந்துபோய் இறங்கி வந்து பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மதினி வாயில் விரலை வைத்து என்னை அடக்கினார். தண்ணீர் இறங்கும் சத்தம், யாரோ முதுகில் தட்டிக்கொடுப்பது போல் இருந்தது.

மறுநாள் எனக்குப் பரீட்சை. மூன்று நாள் விருதுநகரிலேயே நண்பன் ரூமில் தங்கிவிட்டேன். நான்காம் நாள், வியாழக்கிழமை மத்தியானம், நேராக வேனுக்குப் போனேன். மேகமெல்லாம் போய் மேல்காற்று வறட்டு வறட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. மதினி தலைக்குக் குளித்து, உலர்ந்த முடியை அவிழ்த்துவிட்டபடி வேனுக்குள் குனிந்து பாயைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் கதவருகே தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இருவரும் முகம் மலர்ந்தார்கள். "வாலே, வீட்டுக்கு வா" என்றார் மதினி. அந்த வேனை அவர் வீடு என்று சொன்னார். சொல்லிக்கொண்டே நிமிர்ந்தார். தலை கூரைத்துணியில் உரசியது.

முடி மேலே எழுந்தது. முதலில் இரண்டு மூன்று இழை. பிறகு உச்சி முடி மொத்தமும் விரிந்து, நட்டுக்கொண்டு, துணியில் போய் ஒட்டிக்கொண்டது. சத்தமே இல்லை. மதினிக்கு அது தெரியவும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார்.

அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"வெளிய வா. மெதுவா. எதையும் தொடாம வா."

மதினி இறங்கி வந்தார். அவர் மதினியின் கையைப் பிடித்துச் செம்புத் தகட்டில் வைத்து அழுத்தினார். நெடுநேரம் அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு மதினியை வீட்டு வாசலில் உட்காரவைத்துவிட்டு என்னிடம் வந்தார். அவர் என்னை அடித்திருக்கலாம்.

"கட்டி தட்டுச்சா?"

"சின்னதா, அண்ணாச்சி."

"எம்புட்டு?"

"கடுகு அளவு."

வேனின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். அவர் யாரிடமும் சொல்லாததை அங்கே வைத்துச் சொன்னார். ரூமோடு போன நான்கு பேரில் ஒருத்தியின் மகளுக்கு அதற்கு முந்தின நாள் சடங்கு. விடிய விடிய விசேஷ வேலை. சொந்தக்காரர்கள் செய்முறையாகக் கொடுத்த நைலான் சேலையோடு அப்படியே கம்பெனி வேனில் ஏறி வந்துவிட்டாள். திரும்பிப் போய் மாற்றிக்கொண்டு வந்தால் அன்றைய வேலை போகும். தீபாவளி சீசன்.

"ஊசிய வாங்கி டப்பாவுல போட்டேன். சேலையப் பாத்தேன். அவளும் பாத்தா, நான் பாக்குறதை. 'இன்னைக்கு ஒருநாள் அண்ணாச்சி'ன்னா. கண்ணெல்லாம் தூக்கம். நானும் பரவால்ல போன்னுட்டேன்."

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று துடித்தேன். விசாரணையில் மருந்து வெயிலில் சூடாகிவிட்டது என்றுதானே சொன்னார்கள், அம்மா சொல்லியிருக்கிறாள் என்றேன். அப்படியானால் காரணம் சேலை இல்லையே, நீங்கள் இல்லையே என்றேன்.

"இருக்கலாம்" என்றார். "அப்படியும் இருக்கலாம்லே. யாருக்குத் தெரியும்?"

பிறகு எழுந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்து பித்தளைத் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார். நான் உதவப் போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் திருகுகளை என் கையில் தராமல் அவர் பையிலேயே போட்டுக்கொண்டார். துணியை நான்காக மடித்துத் தரையில் வைத்தார். நார் ஷீட்டும் வந்தது. மறுபடியும் மொட்டைத் தகரம். வேறு துணி வாங்குவோம் அண்ணாச்சி, மில்லில் ஆர்டர் போடுவோம், நான் போகிறேன், இப்போதே போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "கொளுத்திப் பாக்க ஆள் வேணும்லா" என்றார். என்னைத் திட்டுகிற குரலில் சொல்லவில்லை. ஒரு கணக்கைச் சொல்வது போலச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசியதாக எனக்கு நினைவில்லை.

அந்த மழைக்காலத்துக்குப் பிறகு அவரும் ஊரில் இல்லை. விருதுநகர்ப் பக்கம் மிளகாய் காயப்போடும் களத்தில் காவலுக்கு இருக்கிறார் என்றார்கள். இரண்டு களங்களில் போய்த் தேடினேன். ஆள் அகப்படவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வெள்ளிக்கிழமையைப் பற்றி. மதினியின் அண்ணன் காலையிலேயே வந்துவிட்டார். சண்டை எதுவும் நடக்கவில்லை. மதினி ஒரு பையில் துணிமணிகளை எடுத்துவைத்துக்கொண்டு காலிமனைக்குப் போய் அவரிடம் ஏதோ சொன்னார். அவர் தலையை ஆட்டினார். பையை நான் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போனேன். அண்ணன் பெட்டிக்கடைக்கு வெற்றிலை வாங்கப் போன நேரத்தில், மன்னிச்சிருங்க மதினி என்று ஆரம்பித்தேன்.

மதினி கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வாங்கி முடிக்கும் வரை காத்திருந்து பேசினார்.

"மூணு நாளும் உள்ள படுத்துத் தூங்குனாரு தம்பி. குறட்டை விட்டாரு. அந்தச் சத்தம் கேட்டு எம்புட்டு நாளாச்சு. எனக்குத் தூக்கம் வரல, கேட்டுக்கிட்டே கெடந்தேன்."

நான் பையை மறுகைக்கு மாற்றினேன்.

"நீ பொய் சொன்னதுக்கு எனக்குக் கோவம் இல்ல. நேத்து அவரு கேட்டாருல்ல, அப்ப ஏன்லே நெசத்தச் சொன்ன? காட்டன்தான் அண்ணாச்சி, மேல்காத்துக்கு அப்படி ஆகும்னு சாதிச்சிருக்கலாம்ல. படிச்ச பய சொன்னா அவரு நம்பியிருப்பாரு."

சாத்தூர் பஸ் வந்தது. கூட்டம். மதினிக்கு நிற்கத்தான் இடம் கிடைத்தது.